கண்டறிந்த உயிரிடமே கருணை பெருகும்

(திருவிழாவையொட்டி நடந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எறும்புக்கு எத்தனை அறிவு என்று சமணக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், மூன்று என்று தயங்காமல் சொல்வான். புழுவுக்கு இரண்டு, வண்டுக்கு நான்கு, பசுவுக்கு ஐந்து என்று விரல்விட்டு எண்ணியும் காட்டுவான். கற்பித்த பெற்றோர் மகிழ்வர், அது மகிழத்தக்கதே. ஆனால், மழைக்கு முன்னர் முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேட்டை நோக்கி வரிசையாகச் செல்லும் எறும்புகளைப் பார்த்ததுண்டா என்று அதே சிறுவனைக் கேட்டால், பெரும்பாலும் விடை வருவதில்லை. எறும்பின் அறிவை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எறும்பைத் தெரியவில்லை.

இது அப்பிள்ளையின் குற்றம் அன்று. தமிழ்ச் சமணர் நெடுங்காலம் நிலத்தோடு வாழ்ந்த குடியினர். வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, திண்டிவனம் முதலிய பகுதிகளின் சிற்றூர்களில் அவர்களுடைய வீடுகளுக்குப் பின்புறமே கழனியும் களமும் ஏரிக்கரையும் தொடங்கின. அங்கே வளர்ந்தவர்களுக்கு எந்தத் தும்பி தாழப் பறந்தால் மழை வரும், எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும், எந்தப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்திருந்தன. கல்வியும் வேலையும் அவர்களுடைய மக்களைச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் கொண்டுசென்றன. அதனால் வாழ்வு உயர்ந்தது; அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆயினும், ஒரு தலைமுறைக்குள் ஏதோ ஒன்று கைநழுவியது. அது என்ன என்பதையும், அதை மீட்க வழி உண்டா என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பார்த்தவர்கள் வகுத்த அறம்

உயிர்களை அவற்றின் புலன்களால் வகைப்படுத்தும் முறை சமண நூல்களில் உள்ளது. தொல்காப்பியத்தின் மரபியலிலும் உள்ளது. புல்லும் மரமும் ஓரறிவின. நத்தை போன்றவை ஈரறிவின. எறும்பு முதலியன மூவறிவின. வண்டும் தும்பியும் நாலறிவின என்று அது படிப்படியாக ஏறும். தொடுதலும் சுவையும் மட்டும் உடையது எது, மோப்பம் கூடியது எது, பார்வையும் பெற்றது எது என்று பிரித்தறிய வேண்டுமானால் ஒருவர் மண்ணருகே குனிந்து நெடுநேரம் இருந்திருக்க வேண்டும். இப்பகுப்பைச் செய்தவர்கள் நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து செய்யவில்லை.

சமண அறத்தின் விதிகள் பலவும் அவ்வாறே பிறந்தவை. மழைக்கால நான்கு திங்கள் துறவியர் ஊர் ஊராய்ச் செல்லாமல் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச நெறியைக் காண்க. முதல் மழை விழுந்த மறுநாள் ஒரு வயல்வரப்பில் நடந்து பார்த்தவர்க்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வெல்வெட்டைப் போன்ற சிவந்த தம்பலப்பூச்சிகள், சுருண்டு கிடக்கும் மரவட்டைகள், நத்தைகள், குறுந்தவளைகள், அப்போதுதான் முளைத்த புல் என்று காலடி வைக்க இடமின்றி உயிர்கள் நிறைந்திருக்கும். விதி பிறகு வந்தது. முதலில் வந்தது காட்சி.

இரவுணவைத் தவிர்ப்பதும் அத்தகையதே. புற்றிலிருந்து கிளம்பிய ஈசல் விளக்கொளியைச் சுற்றி விழுந்து, உண்கலத்திலும் விழுவதைப் பார்த்தவர்கள் வகுத்த ஒழுக்கம் அது. துறவியர் கைக்கொள்ளும் மயிற்பீலியும் ஒரு நுட்பமான கவனிப்பின் விளைவு. இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண்மயில் ஆண்டுதோறும் தன் தோகையைத் தானே உதிர்த்துவிடும். எவ்வுயிரையும் வருத்தாமல் கிடைப்பது; மென்மையானது; எடையற்றது; தூசியும் ஈரமும் பற்றாதது. சிற்றுயிர் ஒன்றை நோகாமல் ஒதுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு எது? காட்டை அறிந்தவர்க்கே இது தோன்றும்.

நடப்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஈர்யா சமிதி என்று அதற்குப் பெயர். பகல் ஒளியில், பலர் நடந்து பழகிய வழியில், நுகத்தடி நீளமாகிய நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியபடி நடக்க வேண்டும் என்பது அது. துறவியர்க்கு வகுக்கப்பட்ட இவ்விதியை உற்று நோக்கினால், உலகத்தைப் பார்க்கக் கற்பிக்கும் மிகச் சிறந்த பயிற்சியாகவும் அது தோன்றும். நான்கு முழ நிலத்தைப் பார்த்து நடப்பவர் விரைந்து நடக்க இயலாது. விரையாதவர் கண்ணுக்கே சிற்றுயிர் புலப்படும்.

குன்றுகளின் சான்று

இதற்குச் சான்று தமிழ்நாட்டின் குன்றுகளிலேயே கிடைக்கிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் பிற இடங்களிலும் உள்ள இயற்கைக் குகைத்தளங்களில் துறவியர்க்காகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. மேலே தொங்கும் பாறையின் விளிம்பில், மழைநீர் உள்ளே வடியாமல் வெளியே சொட்டும்படி காடி வெட்டியிருப்பதை அங்குச் செல்வோர் காணலாம். பாறையில் நீர் எவ்வாறு ஓடும், காற்று எத்திசையிலிருந்து வரும், வெயில் எப்போது ஏறும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது. மலையை மாற்றி அமைக்காமல், சிறு கோடு ஒன்றைக் கிழித்து, மலையோடு ஒத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அதே குன்றின் மறுபுறத்து அறிவர் கோயிலின் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைத் தடாக ஓவியம் உள்ளது. மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் அக்குளத்தில் இருக்கின்றன. ஆடவர் சிலர் தாமரை பறிக்கின்றனர். அறிவன் அறமுரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதியை அது காட்டுவதாக அறிஞர் கூறுவர். பொருள் விண்ணவர்க்குரியதாக இருக்கலாம். ஆனால் குளம் தமிழ்நாட்டுக் குளம். தாமரையின் மொட்டும் விரிந்த மலரும் மடங்கிய இலையும் எவ்வாறிருக்கும் என்பதை, கரையில் அமர்ந்து பல காலைப் பொழுதுகளைக் கழிக்காத ஒருவரால் அவ்வாறு தீட்டியிருக்க முடியாது.

போளூர்க்கு அருகில் திருமலையில் ஏறக்குறைய 16 அடி உயர நேமிநாதர் பாறையிலேயே நிற்கிறார். வந்தவாசிக்கு அருகில் பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகள் வணங்கப்படுகின்றன. இவ்விடங்களுக்கு ஆண்டுதோறும் குடும்பங்கள் செல்கின்றன. வண்டியில் அடிவாரம் வரை வருவது, வெயில் ஏறுமுன் படியேறி வணங்குவது, நிழற்படம் எடுப்பது, உணவு உண்டு திரும்புவது என்று பயணம் முடிகிறது. வணங்கப்பட்டவர்கள் ஏன் மலையைத் தேடி வந்தார்கள் என்ற வினா மட்டும் எழுவதில்லை.

மண்புழுவின் முன் நாற்பது ஆண்டுகள்

பொறுமையாகப் பார்ப்பது மனிதரை என்ன செய்யும் என்பதற்கு வேறு நாட்டுச் சான்று ஒன்று பொருத்தமாக இருக்கும். ஆங்கில இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றி வந்தவர்; பெரும்புகழ் பெற்றவர். அவர் எழுதிய இறுதி நூல் யானையைப் பற்றியதோ சிங்கத்தைப் பற்றியதோ அன்று, மண்புழுவைப் பற்றியது. அது 1881-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். மண்புழுக்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1837-இல் படிக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்.

தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் 1842-இல் அவர் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தார். வெண்கற்கள் ஏழு அங்குல ஆழத்தில் ஒரே வரிசையாகக் கிடந்தன. மேலிருந்த மண் முழுவதும் புழுக்கள் தின்று வெளியேற்றிய மண். ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே செல்கிறது என்று அவர் கணக்கிட்டார்.

புழுக்களுக்குக் காது கேட்குமா என்றும் அவர் ஆராய்ந்தார். ஊதலை ஊதினார், உரக்கக் கத்தினார், வீட்டார் பியானோவும் குழல்கருவியும் வாசித்தனர். புழுக்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் புழுக்கள் இருந்த தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒளிந்தன. செவி இல்லை, தொடுவுணர்வு மிகக் கூர்மை என்பது முடிவு. புழுவுக்குச் செவிப்புலன் இல்லை என்று நெடுங்காலத்திற்கு முன்னரே வகுத்த சமண நூலோரை இங்கே நினையாமல் இருக்க இயலாது. ஒளியையும் மணத்தையும் புழு ஓரளவு உணரும் என்றும் டார்வின் கண்டதால், இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று சொல்லத் தேவையில்லை. மண்ணருகே குனிந்து பொறுமையோடு பார்த்தவர்கள், காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்டிருந்தும், நெருங்கி வந்து சேர்ந்தார்கள் என்பதே போதும்.

துப்பாக்கிச் சிறுவன் பறவைகளின் தோழனானது

இன்னொரு சான்று இந்தியாவைச் சேர்ந்தது. 1896-இல் பிறந்த சாலிம் அலி மும்பையில் தம் மாமன் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதளவில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்றல் ஒன்று இருந்தது. வீட்டில் பார்க்கும் சிட்டுக்குருவிக்கு அது இல்லை. இது எந்தக் குருவி என்ற ஐயத்தைத் தீர்க்க, மாமன் அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அதன் செயலர் மில்லார்டு, அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொல்லி, இழுப்பறைகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். சிறுவனின் வாழ்வு அன்று திரும்பியது.

அதன் பின்னரும் அக்கால ஆய்வாளர் வழக்கப்படி அவர் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய பெருமை பார்வையில் இருந்தது. 1930-இல், வேலையின்றி இருந்த காலத்தில், கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளைப் பல திங்கள் கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண்குருவிகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். ஒன்று ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பின்னர் வேறிடத்தில் மற்றொரு கூட்டைத் தொடங்கும். யாரும் தெளிவாக எழுதியிராத இவ்வாழ்க்கையை, வேலையற்றிருந்த ஒருவர் அமர்ந்து பார்த்தே உலகிற்குச் சொன்னார். பிற்காலத்தில் பரத்பூர்ப் பறவைப் புகலிடமும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட அவருடைய குரல் துணைநின்றது. குருவியைச் சுட்ட கையே காட்டைக் காக்க எழுதியது.

திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளின் கிணற்றோரப் பனைகளில் தொங்கிய கூடுகளும் அதே தூக்கணாங்குருவியின் கூடுகளே. காற்றில் பறந்து விழுந்த பழைய கூட்டை எடுத்து விளையாடிய பாட்டிகள் இன்றும் குடும்பங்களில் இருக்கிறார்கள். பாதியில் நிற்கும் கூடும் முடிந்த கூடும் எவ்வாறு வேறுபடும் என்பதை அவர்கள் சொல்லக்கூடும். கேட்பதற்குத்தான் பேரப்பிள்ளைகள் அருகில் இல்லை.

அதே வடபகுதியில் வேடந்தாங்கல் உள்ளது. ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைக் காக்கும் உரிமையை ஆங்கில ஆட்சியரிடமிருந்து எழுத்தாகப் பெற்றனர். அவ்வுழவர்கள் பறவையியல் படித்தவர்கள் அல்லர். ஒவ்வோர் ஆண்டும் அதே ஏரியில் அதே பறவைகளைப் பார்த்தவர்கள். பழக்கம் உறவாயிற்று, உறவு காவலாயிற்று.

உடலுக்கும் உரியது

வெளியில் இருப்பதன் பயன் உள்ளத்தோடு நிற்பதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியிடப்பட்டது. பாதிப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்டனர். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வைக் குறை புதிதாகத் தோன்றியவர்கள் அங்கே 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. பகல் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு வலியது. அது கண்ணின் உள்திரையில் சுரக்கச் செய்யும் ஒரு பொருள் கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இளம்பிள்ளைகளின் மூக்குக்கண்ணாடிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பெற்றோர் இதனை எண்ணுதல் நன்று.

அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். சன்னல்வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். வலிமிகு நேரத்து மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மரம் அவர்களுக்கு எதையும் செய்யவில்லை. அங்கே நின்றது, அவ்வளவே.

எழும் தடைகள்

இதற்கு மறுமொழியாகச் சில எழுவது இயல்பு. உழவிலும் காட்டிலும் உயிர்க்கேடு மிகுதியன்றோ, விலகியிருப்பதுதானே அகிம்சை என்பர் சிலர். முன்னோர் உழுதபோது ஏர்முனையில் உயிர்கள் மடிவதை அறிந்தே உழுதனர். அவ்வறிவே அவர்களைத் தேவைக்கு மேல் ஒன்றும் செய்யாதபடி கட்டியது. நகரத்தில் உண்பவரின் உணவுக்கும் அதே ஏர் உழுகிறது; காணாமல் இருப்பதால் கேடு குறைவதில்லை, கணக்கு மட்டும் மறைகிறது.

நகரத்தில் காடு எங்கே என்பது மற்றொரு தடை. தெருவில் ஒரு புங்கமரம் போதும். மாடியில் ஒரு தொட்டிச் செடி போதும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அதே மரத்தடியில் நின்றால், ஓராண்டில் அது உதிர்ப்பதும் தளிர்ப்பதும் பூப்பதும், அதைத் தேடி வரும் தேனீயும் எறும்பும் கிளியும் தெரியவரும். தொலைதூரப் பயணத்தைவிடத் திரும்பத் திரும்பப் பார்த்தலே மனிதரை மாற்றுகிறது.

தேர்வும் பாடமும் இருக்கின்றனவே என்பதும் மெய்யே. அவற்றுக்குச் செலவிடும் மணிகளில் அரைமணி குறைந்தால் மதிப்பெண் குறையும் என்ற அச்சமும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால், ஒன்றை நெடுநேரம் கலையாமல் பார்க்கும் ஆற்றல் எப்பாடத்திற்கும் அடிப்படை. அதை மரத்தடியிலும் பயிலலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வெளியில் செல்வது தானாகவே அறம் ஆகிவிடாது. மலையேறும் வழியில் இலையைக் கிள்ளி எறிவதும், உணவுப்பொட்டலத்தின் பிளாஸ்டிக்கை விட்டுச்செல்வதும், பாறையில் பெயர் கிறுக்குவதும், கூச்சலிட்டுப் பறவையை விரட்டுவதும் வெளியில் சென்றவர்களின் செயல்களே. பயனின்றி மண்ணைக் கிளறுதல், செடியை ஒடித்தல், நீரைச் சிதறுதல் ஆகியவற்றை விலக்குவது இல்லறத்தார்க்குரிய அனர்த்ததண்ட விரதம். அவ்விரதம் பயிலப்படும் இடமும் வெளியே. முறியும் இடமும் வெளியே.

செய்யத்தக்கது

ஆதலின் குடும்பங்கள் எளிதில் செய்யக்கூடியவை சில உண்டு. மலைக்குச் செல்லும் நாளில் விடியற்காலையிலேயே அடிவாரம் சேர்ந்து, பிள்ளைகளோடு மெல்ல நடந்து ஏறலாம். வணங்கிய பின் உடனே இறங்காமல், பேச்சும் கைப்பேசியும் இன்றி அரைமணி நேரம் பாறையில் அமரலாம். சாதுர்மாசக் காலத்தில், அன்றன்று கண்ட ஓர் உயிரின் பெயரைப் பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். பெயர் தெரியாவிட்டால் அதன் உருவை வரையலாம். தாத்தா பாட்டியரோடு ஒருமுறை பழைய ஊரின் ஏரிக்கரையில் நடந்து, அவர்கள் வாயிலிருந்து வரும் புல், பூண்டு, பறவை, பூச்சிகளின் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். இதுவே மிக விரைந்து செய்ய வேண்டியது. சுவடி அழிந்தால் வேறொரு படி எங்கேனும் கிடைக்கக்கூடும். மூத்தோர் ஒருவர் நினைவில் மட்டும் இருந்த பெயர் அவரோடு மறைந்தால் வேறு படி இல்லை.

மகாவீரர் முழுதுணர் அறிவு பெற்றது ரிஜுபாலிகை ஆற்றங்கரையில், ஒரு சால மரத்தின் அடியில். ஆதிநாதர்க்கு அது வாய்த்தது ஆலமரத்தின் அடியில். தீர்த்தங்கரர் ஒவ்வொருவர்க்கும் ஒரு மரத்தை மரபு சொல்லி வருகிறது. மரத்தின் பெயரை மறவாமல் காத்த மரபு, அம்மரத்தை அடையாளம் காணத் தெரியாத பிள்ளைகளிடம் சென்று முடிந்துவிடக் கூடாது.

எறும்புக்கு மூன்று அறிவு என்று சொல்லும் சிறுவன் சொன்னது சரியான விடையே. ஒருநாள் மாலை, மழை வருமுன், யாரேனும் ஒருவர் அவனை வாசலுக்கு அழைத்துச் சென்று, முட்டை சுமந்து செல்லும் அவ்வரிசையின் அருகே அமரவைத்தால் போதும். அன்றிலிருந்து வாசற்படி இறங்கும்போது அவன் கண் கீழே நோக்கும். கால் தானே விலகி வைக்கும். அதற்கு யாரும் அவனுக்கு விதி சொல்ல வேண்டியிராது.

அனைத்துயிரும் இன்புற்று வாழ்க.